மல்லாட்டைக்கு இன்னொரு பெயர்

1987 நவம்பர் முதல் வாரத்தில் ஒரே நாளில் எனக்கு நான்கு இன்லேண்ட் கடிதங்கள் வந்தன. நான்கும் கோலியனூரிலிருந்து, நான்கும் என் மனைவியின் கையெழுத்தில். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தபாலே இல்லை. சண்டை நடக்கிற இடத்துக்கு முதலில் தோட்டா வரும், பிறகு ஆட்டா வரும், தபால் மூட்டை அதற்கும் பிறகுதான். உரும்பிராய்ப் பக்கம் ஆளில்லாத ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, கைக்கு வந்த வரிசையில் கிழித்தேன். தேதி பார்க்கிற பொறுமை இல்லை. அதனால் கடைசியாக எழுதியதை முதலில் படித்துவிட்டேன்.

“மாமா, பாப்பாவுக்கு இப்ப தேவலாம். கஞ்சி குடிக்கிறா. கதவுக்குப் புதுசா தாப்பா போட்டாச்சு. நீ ஒண்ணும் நெனச்சிக்காத. உன் போட்டோதான் எங்களக் காப்பாத்துச்சு.”

பாப்பாவுக்கு என்ன? கதவுக்கு என்ன? போட்டோ எப்படிக் காப்பாற்றும்? மற்ற மூன்றையும் முன்னும் பின்னுமாகப் படித்து ஒருவாறு கோத்துக்கொண்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான் உட்கார்ந்திருந்த வீட்டுக்கும் தாழ்ப்பாள் இல்லை. முந்தின வாரம் அதை உடைத்தது எங்கள் ஆட்கள்தான்.

நான் பட்டாளத்தில் சேர்ந்தது 1978 நவம்பரில். இப்போது குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சால்வை போடும்போது தேசப்பற்று என்று சொல்கிறேன். பிள்ளைகள் முன்னால் வேறு எதைச் சொல்வது? உள்ளபடி சொன்னால், மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை, வீட்டில் நான்கு பிள்ளைகள், அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை தப்பியது. அவ்வளவுதான். கோலியனூர் விழுப்புரத்துக்குக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர். கூட்ரோட்டில் பாண்டிச்சேரி சாலையும் பண்ருட்டி, கும்பகோணம் போகிற சாலையும் பிரியும். எங்கள் ஊர்க்காரனுக்கு உலகம் அந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்கும். நான் இரண்டையும் விட்டுவிட்டு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய், காட்பாடியில் வண்டி மாறி, பெங்களூர் போனேன்.

மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் பயிற்சி மையம் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. பாலம் போடுவது, பாதை திறப்பது, கண்ணி புதைப்பது, கண்ணி எடுப்பது, இவைதான் சாப்பர் வேலை. முள்வேலியைப் பிளக்கிற குழாய் வெடிக்கு உலகம் முழுக்க ‘பெங்களூர் டார்பிடோ’ என்று பெயர். 1912-இல் எங்கள் குரூப்பில் செய்தது. அதைவிட எங்களுக்குப் பெருமையான பெயர் ‘தம்பி’. இந்திய ராணுவத்தில் ‘தம்பி’ என்றால் மெட்ராஸ் சாப்பர் என்று பொருள். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத பஞ்சாபி ஆபீசர்கூட எங்களைத் “தம்பி” என்றுதான் கூப்பிடுவார்.

கண்ணி தேடுகிற பயிற்சியில் எனக்கு மட்டும் திட்டு விழவில்லை. இரும்புக் குச்சியைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு, மோதுகிறதா என்று விரலால் உணர வேண்டும். நேராகக் குத்தினால் செத்தாய். நான் சின்ன வயதில், மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில், மண்ணுக்குள் தங்கிப்போன காய்களை அம்மாவோடு சேர்ந்து களைக்கொத்தால் கிளறி எடுத்தவன். கொத்து படாமல், காய் உடையாமல் எடுக்க வேண்டும்; உடைந்த காய்க்கு விலை கிடையாது. (நிலக்கடலை, வேர்க்கடலை என்று மற்ற ஜில்லாக்காரர்கள் சொல்வதைத்தான் தென்னாற்காட்டில் மல்லாட்டை என்போம். மணிலாக் கொட்டையிலிருந்து வந்த பெயர் என்பார்கள்.) என் வாத்தியார் சுபேதாருக்கு இந்தக் கதை தெரியாது. “இவனுக்கு விரலில் கண் இருக்கிறது” என்று இந்தியில் சொன்னார்.

1979-இல் கசம் பரேடு (சத்தியப் பிரமாண அணிவகுப்பு) முடிந்ததும், அல்சூர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று போட்டோ எடுத்தேன். சட்டம் போட்டு ஊருக்கு அனுப்பினேன். அம்மா அதை நடுவீட்டில், வாசலைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினாள். அதைப் பார்த்துத்தான் மாமன் பெண் கொடுத்தார் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். 1984-இல் கல்யாணம். அடுத்த வருஷக் கடைசியில் பாப்பா.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே பலாலியில் நம் படை இறங்கியது. நாங்கள் ஆகஸ்டில் போனோம். அப்போது நான் நாயக்.

முதல் ஐந்தாறு வாரங்களை இன்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். தெருவில் நிறுத்தி இளநீர் கொடுத்தார்கள். கிடுகு வேலிக்கு அப்பால் நின்று பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தால் போதும். “நீங்கள் தமிழோ? எந்த இடம்?” விழுப்புரம் என்றால் தெரியாது, “பாண்டிச்சேரிக்குப் பக்கத்துல” என்றால், “ஓம், ஓம்” என்பார்கள். எம்.ஜி.ஆரை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஒரு தேர்தல் கூட்டத்தில், தூரத்தில், தொப்பியை மட்டும் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் அதற்கே டீ வரும். தேத்தண்ணி.

சுன்னாகம் சந்தையில் ஒரு கிழவி மல்லாட்டை வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஊர் வாசனை இழுத்தது. “பாட்டி, மல்லாட்டை எவ்ளோ?” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். “இது கச்சான், மோனை. கச்சான் எண்டு கேள்” என்று சொல்லி, காகிதச் சுருளில் அளவுக்கு மேலே ஒரு கை போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அடுத்த கடிதத்தில் மனைவிக்கு எழுதினேன்: இங்கே மல்லாட்டைக்கு வேறு பெயர், மற்றதெல்லாம் நம் ஊர்தான்.

எங்களுக்குள் ஒரு சிரிப்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘தம்பி’ என்றால் பிரபாகரன். புலிகள் இயக்கத்துக்கு வெளியே வயதானவர்கள் எல்லாம் அவரை அப்படித்தான் சொன்னார்கள். “தம்பி ஆயுதம் குடுக்கச் சொல்லிட்டாராம்” என்று கடைக்காரர் சொன்னால், எங்களில் ஒருவன் மற்றவனைப் பார்த்து, “நீ எப்படா சொன்ன?” என்பான். ஆகஸ்ட் 5 அன்று பலாலியில் ஆயுத ஒப்படைப்பு நடந்தபோது, எங்கள் சாப் ஒருவர், “ஒரு தம்பி கொடுக்கிறான், இன்னொரு தம்பி வாங்குகிறான்” என்றார். செப்டம்பர் வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 15 அன்று நல்லூர்க் கந்தசாமி கோயிலடியில் புலிகள் இயக்கத்துத் திலீபன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஐந்து கோரிக்கை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. பாதையில் நாங்கள் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்த பெண்கள் வேலிக்கு உள்ளேயே இருந்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து, ஒரு ராத்திரி, டிரான்சிஸ்டரில் சென்னைச் செய்தியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வட மாவட்டங்களில் வன்னியர் சங்கத்தின் ஒரு வார சாலை மறியல்; தென்னாற்காட்டில் துப்பாக்கிச் சூடு; உயிர்ச்சேதம். ஊர் பெயர்கள் வருவதற்குள் அலை போய்விட்டது.

இரண்டு பக்கமும் சாலையை மறித்தவர்கள் தமிழர்கள். ஒரு பக்கத்தில் நான் யூனிபாரத்துக்கு உள்ளே இருந்தேன். இன்னொரு பக்கத்தில் என் வீடு யூனிபாரத்துக்கு எதிரே இருந்தது. அன்றைக்கு இப்படியெல்லாம் கோத்துப் பார்க்கவில்லை. பாப்பாவுக்குப் பால் வண்டி வருமா என்றுதான் யோசித்தேன்.

26-ஆம் தேதி திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று, பிடிபட்டிருந்த புலித் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 12 பேர் பலாலியில் சயனைடு கடித்துச் செத்தார்கள். அக்டோபர் 10, புலிகளுக்கு எதிராக ‘ஆபரேஷன் பவான்’ தொடங்கியது. 11-ஆம் தேதி நள்ளிரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய 13-வது சீக்கிய லைட் இன்பன்ட்ரியின் 30 பேரில் ஒருவர் மட்டும் உயிரோடு மிஞ்சினார். எட்டு வருஷத்துக்கும் மேல் பயிற்சிக் கண்ணியையே குத்திப் பழகிய என் விரல்களுக்கு நிஜ வேலை வந்தது.

புலிகளின் கண்ணி, புத்தகத்தில் படித்த கண்ணி அல்ல. தார்ச்சாலையை மேலேயிருந்து தோண்டமாட்டார்கள். பக்கவாட்டில் சுரங்கம் மாதிரிக் குடைந்து, பிளாஸ்டிக் கேன் கேனாக வெடிமருந்தை உள்ளே தள்ளி, வயரை வாழைத்தோட்டம் வழியாகவோ மதகு வழியாகவோ எங்கோ ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். மேலே தார் அப்படியே இருக்கும். டி-72 டாங்கி வரும்வரை அந்த வீட்டு ஜன்னலில் ஒரு பையன் காத்திருப்பான். அதனால் நாங்கள் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சாலையோரம் பார்த்து நடந்தோம். வலிகாமத்து மண் சிவப்பு. ஒரு மழை பெய்தால் புது மண்ணும் பழைய மண்ணும் ஒன்றாகிவிடும். அது ஐப்பசி மழைக்காலம்.

காலாட்படை எங்களுக்குப் பின்னால் நின்றது. எனக்கு முன்னால் யாரும் இல்லை.

அக்டோபர் 21, தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். நான் அங்கே இல்லை. இந்த ‘நான் அங்கே இல்லை’யை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

நான் இருந்த இடத்தைச் சொல்கிறேன். ஊர் பிடிபட்ட பிறகு வீடு வீடாகச் சோதனை. மைன் டிடெக்டர் தூக்குகிறவன் என்பதால் நான் போக வேண்டும். தமிழ் பேசுகிறவன் என்பதால் நான்தான் முதலில் போக வேண்டும். படலையைத் தட்டுவது, “கதவத் தொறங்க, ஆம்பிளைங்க எல்லாம் வெளிய வாங்க” என்று கத்துவது, என் வேலை. திறக்கத் தாமதமானால் உடைப்பது மற்றவர்கள் வேலை. மொழி தெரியாத சிப்பாய் கத்தினால் அந்த ஜனங்கள் பயந்தார்கள். நான் கத்தும்போது பயத்தோடு இன்னொன்றும் அவர்கள் முகத்தில் வந்தது. அதற்கு எனக்குத் தமிழில் வார்த்தை தெரியும். எழுதவில்லை.

கோப்பாயைத் தாண்டி ஒரு வீடு. உள்ளே ஒரு பெண், இடுப்பில் குழந்தை. என் பாப்பா வயதுதான் இருக்கும். புருஷன் எங்கே என்று கேட்கச் சொன்னார் சாப். கேட்டேன். “தெரியாது” என்றாள். எல்லா வீட்டிலும் அதுதான் பதில். குசினியில் அடுப்புக்குப் பக்கம் டிடெக்டர் கத்தியது. எல்லோரும் விலகினார்கள். நான் குப்புறப் படுத்துக் குச்சியைச் சாய்த்து விட்டேன். தட்டுப்பட்டது. விரலால் மண்ணை வழித்து, அரை மணி நேரத்தில் வெளியே எடுத்தது ஒரு பால்மா டின். உள்ளே தாலிக்கொடி, குழந்தையின் காப்பு, மடித்த காணி உறுதி, ஒரு கல்யாணப் போட்டோ.

அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வாங்கினால் என்ன ஆகுமோ என்று கை வரவில்லை. அடுப்பு மேட்டில் வைத்துவிட்டு வந்தேன். தோண்டிய குழியை மூடக்கூட இல்லை. அடுத்த வீட்டில் கூப்பிட்டார்கள். எங்களுக்குப் பிறகு வேறு பார்ட்டி அந்தத் தெருவுக்குப் போனது என்று தெரியும். அந்த டின் என்ன ஆயிற்று என்று தெரியாது. புதைத்து வைத்திருந்ததை வெளியில் எடுத்துக் காட்டியவன் நான் என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்த நான்கு கடிதங்களும் வந்தன.

ஊரில் நடந்தது இதுதான்: செப்டம்பர் 17-ஆம் தேதி விடியும் முன்பே மறியல்காரர்கள் சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பாண்டிச்சேரி சாலை, பண்ருட்டி சாலை, மெட்ராஸ் திருச்சி சாலை எல்லாம் மரம். எங்கள் தாத்தா காலத்துப் புளியமரங்கள். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாது. மாநிலத்தில் 20 சதவீதம், மத்தியில் 2 சதவீதம் தனி ஒதுக்கீடு என்பது கோரிக்கை. திண்டிவனத்தில் டாக்டராக இருந்த ராமதாஸ் 1980-இல் தொடங்கிய சங்கம். இந்த மறியலுக்கு முந்தின வருஷம் ஒரு நாள் சாலை மறியலும் ரயில் மறியலும் நடந்திருந்தன. இந்தத் தடவை ஏழு நாள். துப்பாக்கிச் சூட்டிலும் அந்த வாரத்துக் கலவரத்திலும் செத்தவர்கள் 21 பேர் என்பது இன்று எல்லோரும் சொல்கிற கணக்கு. முண்டியம்பாக்கம், பாப்பனப்பட்டு, சித்தணி, பேரங்கியூர் என்று அந்தப் பட்டியலில் எல்லாம் எங்களுக்குப் பெண் எடுத்த, பெண் கொடுத்த ஊர்கள். கோலியனூர் பெயரோடு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஆண்கள் எல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். ராத்திரியும் அங்கேதான். வீட்டில் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும். மூன்றாம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி வாயில் நுரை தள்ளியது. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போக பஸ் கிடையாது, மாட்டு வண்டி போகவும் வழி கிடையாது. என் மனைவியும் என் அம்மாவும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கிப் பாதி தூரம் நடந்தார்கள். அதற்கு மேல் போகவிடவில்லை. திரும்பி வந்து ஈரத்துணி போட்டுப் போட்டு, புத்துவாயம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கோயில் வேப்பிலையையும் திருநீற்றையும் தலைமாட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரிதான் கதவு. போலீஸ் வந்து தட்டியிருக்கிறது. திறப்பதற்குள் லத்தியால் இடித்து, தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. கதவுப் பலகையில் இரண்டு இடத்தில் குழி. “ஆம்பளைங்க எங்க?” என்று கேட்டார்களாம். இவள் சுவரைக் காட்டினாள். “அதோ, அதான் எங்க வூட்டு ஆம்பள. இலங்கையில இருக்காரு.” டார்ச்சை அடித்துப் போட்டோவைப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டாராம். பக்கத்து வீட்டில் போட்டோ இல்லை. அந்த வீட்டைப் பற்றி அவள் கடிதத்தில் எழுதவில்லை, நேரில்தான் சொன்னாள்.

1988 பிப்ரவரியில் லீவு கிடைத்தது. எம்.ஜி.ஆர். இறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை. மெட்ராஸிலிருந்து வருகிற வழியெல்லாம் கறுப்புக் கொடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்கு இடம் தெரியவில்லை. நிழல் இல்லை. இரண்டு பக்கமும் அடிமரக் கட்டைகள், அதில் உட்கார்ந்து ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி, பாப்பா தூங்கின பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்லாததை எல்லாம் சொன்னேன், பால்மா டின் உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“மாமா, நீயும் அப்பிடித்தான் தட்டுவியா?”

“எப்பிடி?”

“நம்ம கதவத் தட்டினாங்களே, அப்பிடி.”

“எனக்கு உத்தரவு புள்ள.”

“அவங்களுக்கும் உத்தரவுதான் இருந்திருக்கும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி சொன்னாள். பிறகு எழுந்து போய் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

அந்த லீவிலேயே இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். காலனியில் என் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருவன், அவனும் பட்டாளம், வேறு ரெஜிமெண்ட். அவனும் லீவில் வந்திருந்தான். கோயில் மதகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நான் எங்கள் கதவுக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். “உங்க வூட்டுல கதவு ஒடஞ்சுது. எங்க மாமியா ஊர்ல வூடே இல்ல” என்றான். மறியல் நடந்த அந்த ஒரு வாரத்தில் தென்னாற்காட்டில் சேரிக் குடிசைகள் ஏராளமாக எரிந்தன. எரித்தது போலீஸ் இல்லை. என் மனைவியின் நான்கு கடிதத்திலும் அது இல்லை, நானும் கேட்கவில்லை. “உன் போட்டோ மாதிரி என் போட்டோவும் அந்த வூட்டுல இருந்துச்சுடா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த இரண்டு வருஷத்தைச் சுருக்கிவிடுகிறேன். சண்டை நகரத்தை விட்டு வன்னிக் காட்டுக்குப் போனது. ‘ஜொனி’ என்று ஒரு மிதிவெடி வந்தது. மரப்பெட்டி, உள்ளே இரண்டு பேனா டார்ச் பேட்டரி, இரும்பு பேருக்குத்தான். டிடெக்டர் மௌனமாக இருக்கும், குச்சி ஒன்றுதான் கதி. என் செக்ஷனில் இரண்டு பேர் காலை விட்டார்கள். நான் விடவில்லை. திறமை என்று சொல்லமாட்டேன். நான் வைக்காத அடியில் அது இருந்தது, அவ்வளவுதான். எங்கள் படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. அவர்களில் பரம்வீர் சக்ரா வாங்கியவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மகர் ரெஜிமெண்டின் எட்டாவது பட்டாலியன். பெயரைக் கேட்டாலே தெரியும், நம்மவர்.

கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. நாங்கள் அதற்குச் சில வாரம் முன்பே மெட்ராஸ் வந்துவிட்டோம். படை திரும்பியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்றுவிட்டு வருகிற படைக்கு எப்படி மாலை போடுவது என்பது அன்றைக்குத் தமிழ்நாட்டில் பாதிப் பேருடைய பேச்சு. எனக்கு அவர்மேல் வருத்தம் இருந்தது. அதே கருணாநிதிதான் முந்தின வருஷம் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் கொடுத்திருந்தார். அதில்தான் பின்னால் என் பெரியவள் நர்சிங் சீட்டு வாங்கினாள். வருத்தத்தையும் சீட்டையும் ஒரே ஆளிடம் வாங்கினால் என்ன செய்வது?

விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், “எங்க வேலை?” என்றார். “பெங்களூர்ல” என்றேன். பொய் இல்லை, பதிவேட்டில் அல்சூர்தான். டீக்கடையில் ஒருத்தர், “தமிழன சுட்டுட்டு வந்தவன்” என்று என் காதில் விழும்படி சொன்னார். ஒரு வருஷம் கழித்து, 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. அதற்கப்புறம் லீவில் வந்தபோது, அதே டீக்கடையில் அதே ஆள், “நீங்கல்லாம் அங்கியே முடிச்சுட்டு வந்திருக்கணும்யா” என்றார். இரண்டு தடவையும் டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

பிறகு லே, நாகாலாந்து, பதான்கோட். இரண்டு வருஷம் மட்டும் குவார்ட்டர்ஸ் கிடைத்து மனைவி, பிள்ளைகளோடு பெங்களூரில் இருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில்தான் என் மகனுக்கு நான் யார் என்று தெரிந்தது. கடைசி வேலை ராஜஸ்தான் எல்லையில். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதல் நடந்ததும், ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்று எல்லை நெடுகக் கண்ணி புதைத்தோம். காற்றடித்தால் மணல் நகரும், கண்ணியும் வரைபடத்தை விட்டு நகரும். போர் வரவில்லை. 2002-இல் புதைத்ததை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் 24 வருஷம் முடிந்து ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கி, டிரங்குப் பெட்டியோடு கூட்ரோட்டில் இறங்கினேன்.

2011 பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை... இப்போது வெள்ளை என்று யார் சொல்கிறார்கள், பெயிண்ட் அடிக்க ஆள் தேடினேன். மேஸ்திரி அனுப்பிய ஆள், மரக்காணம் போகிற வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாமிலிருந்து வந்தவன். நாற்பது வயதிருக்கும். 1990-இல் மண்டபத்தில் வந்து இறங்கிய குடும்பம் என்றான். எங்கள் பக்கத்தில் பெயிண்ட் வேலை என்றால் முகாம் ஆட்கள்தான், சுத்தமாகச் செய்வார்கள்.

நடுவீட்டுச் சுவரைச் சுரண்டும் முன் போட்டோவை அவனே இறக்கினான். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தான்.

“ஐயா ஆமியில இருந்தவரோ?”

“ஆமாம் தம்பி, இருவத்தி நாலு வருஷம்” என்றாள் என் மனைவி.

“எங்கயெல்லாம் நிண்டவர்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான், “காஷ்மீரு, நாகாலாந்து, ராஜஸ்தான்” என்றேன். “ஓம்” என்றான். போட்டோவைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டி மேல் வைத்தான்.

சாயங்காலம் அவள் ஒரு தட்டு நிறைய மல்லாட்டை அவித்துக்கொண்டு வந்தாள். அவன் கையைக் கழுவிவிட்டுத் தயங்கி நின்றான். நான் நாளிதழைப் பார்த்துக்கொண்டே, “கச்சான் சாப்டு தம்பி” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. இருபத்து நான்கு வருஷமாக நான் வாயில் எடுக்காத சொல். அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் போட்டோ இருந்த இடத்தைப் பார்த்தான்.

“ஐயாவுக்கு எங்கட சொல் தெரியுது.”

“கேம்ப் ஆளுங்க பேசக் கேட்டிருக்கேன்.”

“ஓம்” என்றான். ஒரு காயை எடுத்து நசுக்கி உரித்தான். நிதானமாக ஏழெட்டு தின்றான். “நல்லா அவிஞ்சிருக்கு அக்கா” என்றான். புறப்படும்போது, “நாளைக்கு முகாமில தணிக்கை, வர ஏலாது” என்றான்.

இனி வரமாட்டான் என்றேன். வருவான் என்றாள் அவள். “வாங்கின கூலிக்குப் பாதி வேலகூட ஆவல. அவன் அப்பிடி ஆளாத் தெரியல.”

அடுத்த நாள் முழுக்க மேஸ்திரிக்கு போன் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிரஷ்ஷோடு வாசலில் நின்றான். சுவருக்கு இரண்டாவது கோட், பிறகு ஜன்னல், கடைசியில் கதவு. 1987-இன் அதே கதவு. வேறு போடலாம் என்றால் அவள் விடமாட்டாள். லத்தி பட்ட இரண்டு குழியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “அக்கா, இதுக்குப் பட்டி வைச்சு அடைக்கவோ?” என்றான். அவள் அடுப்படியிலிருந்தே, “அடைச்சிடு தம்பி” என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை.

பொழுது போகிற நேரத்தில் வேட்டியைப் பிரித்துப் போட்டோவை எடுத்து, ஆணியும் சுத்தியலும் கேட்டான். ஸ்டூலில் ஏறி அவனே அடித்து மாட்டினான். இறங்கி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“கொஞ்சம் உயரமாப் போட்டுது ஐயா. இறக்கவோ?”

“இருக்கட்டும்” என்றேன்.